பக்கக் கண்ணாடி

மரவள்ளி இலைக்காம்பை
அச்சின் நடுவில் நட்டு வைத்தால் எரிந்துபோகும்.
அது எரிந்த இடம்தான் துளை.
பொடிக்கண்ணாடி மணிக்கு அவ்வளவு போதும்.

தெளிந்த மணிக்குக் கம்பி வேண்டும்.
உடைந்த சில்லை அப்படியே குழியில் இட்டு
புற்றுமண் சூளையில் இளக வைத்து
வெளியே எடுத்ததும்
ஒரு கம்பியால் குத்தி
இன்னொரு கம்பியால் சுழற்ற வேண்டும்.
எண்ணிப் பத்து.
தவறினால் கோக்கவே முடியாது, வெறும் கல்.

மக்கூ குத்துகிறாள்.
ஒடுமாசேயில் மணி அதிகாலை மூன்று.
சூளைக்குள் மணி பதினொன்று.

மால்மோவிலிருந்து கடிதம் வந்திருந்தது.
நேபாளத்து வெள்ளி, பால்டிக் கரையின் அம்பர்,
ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்,
மாலியில் வாங்கிய செம்புச் சுருள் ஒன்று,
எல்லாம் கைவசம் இருக்கின்றன.
நடுவில் கோக்க உங்கள் மணி வேண்டும்,
தண்ணீர்போல், பதினான்கு.
உலகமே ஒரு கழுத்தில் என்று முடித்திருந்தாள் ஹெட்விக்.
மக்கூ தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
வியர்வையும் கொஞ்சம் சாம்பலும்.

பச்சை கிடைக்கும்,
ஒவ்வொரு சனிக்கிழமையும் பீர் பாட்டிலாக.
பழுப்பு, இருமல் மருந்து.
நீலம், யாரோ தீர்த்த முகக்கிரீம் ஜாடி.
தண்ணீர்போல் கண்ணாடி
வேலியோரம் ஒரு சாக்கில் இருந்தது.

சாக்கு அவள் கொழுந்தன் தெயேயுடையது.
ட்ரோட்ரோ ஓட்டிக்கொண்டிருந்தான்,
இருபது பேர் நெருக்கியடிக்கும் வேன்.
கோஃபோரிடுவா சாலையில் மரலாரி உரச
இடப்பக்கக் கண்ணாடி முழுவதும்
கற்கண்டு கற்கண்டாக அவன்மேல் இறங்கியது.
பின்சீட்டில் வெங்காய மூட்டையோடு இருந்த பெண்
இறங்கவேயில்லை.
சில்லைக் கூட்டி அள்ளிக் கட்டிக் கொடுத்தது யாரோ.
தெயே அதைத் தூக்கி எறியவும் இல்லை,
யாரையும் தொட விடவும் இல்லை.

மக்கூ கேட்கவில்லை.
அவன் ஆஸ்பத்திரிக்கு அக்ரா போன செவ்வாய்க்கிழமை
சாக்கின் வாயை அவிழ்த்தாள்.
மூன்று தண்ணீரில் கழுவினாள்.
நான்காவதும் கலங்கலாகத்தான் தெரிந்தது.
கண்ணாடிக்கு ஏது ஞாபகம் என்று
தன்னையே திட்டிக்கொண்டாள்.
தாரும் ரப்பரும் ஒட்டியதைக் கழித்தால்
தேறியது ஒரு பிடி.
பதின்மூன்று மணி.

தெயே திரும்பி வந்தபோது
அவை தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.
பார்த்தான்.
ஒன்றை எடுத்து வெயிலுக்குக் காட்டினான்.
மக்கூ வசவுக்குத் தயாராக நின்றாள்.
அவன் உள்ளே போய்
ஒரு தீப்பெட்டியோடு வந்தான்.
"இன்னும் தோளிலிருந்து வருகிறது,
குளிக்கும்போது,
சட்டை மாட்டும்போது.
ஒன்று குறைகிறதே, இது போதுமா பார்."

குலுக்கிப் பார்த்தாள்.
அரிசி அளவில் ஏழெட்டு இருக்கலாம்.
திறக்கவில்லை.

போய் ஒரு பச்சைப் பாட்டிலை உடைத்தாள்.
பதின்மூன்று தண்ணீர், ஒரு பச்சை.
காரணம் எழுதாமல் பொட்டலம் கட்டினாள்.

ஆறு வாரம் கழித்துப் பதில்.
அந்தப் பச்சை! வருகிறவர்கள் எல்லாரும்
அதன்மேல்தான் விரல் வைக்கிறார்கள்.
அதற்கு ஒரு கதை இருக்க வேண்டுமே?
பச்சையில் நாற்பது கிடைக்குமா?

மக்கூ எழுதினாள்:
பீர் பாட்டில். கதை இல்லை.
நாற்பது அனுப்புகிறேன். விலை பழையதுதான்.

தீப்பெட்டி சூளை மாடத்தில் இருக்கிறது.
அங்கே சூடு எட்டும்,
கண்ணாடி இளகும் அளவுக்கு இல்லை.
சில இரவுகளில் தெயே வருவான்.
திறப்பான், ஒன்று போடுவான், மூடுவான்.
மக்கூ திரும்பாமல்
கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.